350 பிளாக்கில் 400 கிராங்க்: இரண்டு முறை பிரித்துக் கோத்த எஞ்சினின் பதிவு

போன ஞாயிற்றுக்கிழமை இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடியது. சூடேறிய பிறகும் ஆயில் அழுத்தம் இறங்கவில்லை, ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்திருந்த தண்ணீர்க் கோப்பையில் வட்டம் எழவில்லை. எட்டு மாத வேலையில் இதே ஓட்டத்தை நான் தொடங்கியது இது இரண்டாவது முறை. முதல் முறை ஓடியதும் எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஓடுவதற்கு முன்பே ஒரு முறை பிரித்திருந்தேன். அந்தக் கதையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

செவர்லேயின் சின்ன வி8 குடும்பத்தில் 350 கன அங்குல எஞ்சினுக்கு சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், 3.48 அங்குலம். 1970 முதல் 1980 வரை வந்த 400 கன அங்குல எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 3.75 அங்குலம், அதாவது 95.25 மி.மீ. இந்த 400 கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) 350 பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) உட்கார்த்தி, சிலிண்டரை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு (0.030 அங்குலம்) பெரிதாக்கினால் கிடைப்பது 383 கன அங்குலம். பல பத்தாண்டுகளாகப் பலர் செய்துவரும் கலவைதான், எண்களெல்லாம் அச்சில் கிடைக்கின்றன. அதனால்தான் எனக்கும் துணிச்சல் வந்தது. அந்த எண்கள் கிராங்க் பிளாக்குக்குள் உட்காருமா என்பதைச் சொல்லும். உட்கார்ந்த பின் எதிலும் இடிக்காமல் சுற்றுமா என்பதைக் கையிலிருக்கும் பிளாக்கிடம்தான் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது.

கிராங்கைத்தான் முதலில் வாங்கினேன். அதன் எடைக்கட்டையில் (சுழற்சியைச் சமன் செய்யும் கனமான பகுதி) 3951529 என்ற வார்ப்பு எண் தெளிவாக இருந்ததால் 400 கிராங்க் என்பதில் சந்தேகமில்லை. பிறகு கிடைத்த 350 பிளாக்கை, சிலிண்டர் தேயாமல் இருந்ததைப் பார்த்து மயங்கி எடுத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பிப் போட்டபோதுதான் பின்பக்க ஆயில் சீலின் இடம் முழு வட்டமாக இருப்பதைக் கவனித்தேன். 1986-இலிருந்து இந்தக் குடும்பத்து எஞ்சின்களுக்கு ஒரே துண்டாலான பின்சீல் வந்துவிட்டது. அதற்கு முந்தைய கிராங்குகளுக்கு இரண்டு துண்டுச் சீல். கிராங்கின் பின்முனையில் ஃபிளைவீல் போல்ட்டுகள் அமரும் வட்டமும் பழையதில் 3.58 அங்குலம், புதியதில் 3.00 அங்குலம். பழைய கிராங்கைப் புதிய பிளாக்கில் போடுவதற்கு இடைவளையம் கிடைக்கிறது. ஆனால் ஆயில் கசிவதற்கு நானாகவே இன்னொரு இணைப்பை உண்டாக்க மனமில்லை. பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 3970010 வார்ப்பு எண்ணுள்ள, கிராங்கைப் பிடித்துவைக்கும் மெயின் மூடிக்கு நான்கு போல்ட் கொண்ட பிளாக் ஒன்றை வாங்கினேன். அதன் சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன. எப்படியும் போரிங் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) செய்யப் போகிறோம் என்பதால் அது பொருட்டாகப் படவில்லை.

இரண்டையும் கழுவிக் காந்தத் துகள் சோதனைக்குக் கொடுத்தேன். பிளாக்கில் ஒன்றுமில்லை. கிராங்கில் ஒரு பிக் எண்ட் ஜர்னலின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு பூட்டப்படும் பகுதி) ஆயில் துளையருகே மயிரிழை போல ஒரு கோடு ஒளிர்ந்து என்னை ஒரு நாள் தூங்கவிடாமல் செய்தது. ஆயிரத்தில் 10 அங்குலம் கிரைண்டிங் செய்தபோது அது மேற்பரப்புக் கீறலாக மறைந்துபோயிற்று.

அடுத்தது மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் பிளாக்கில் அமர்ந்து சுழலும் பகுதி. 350 பிளாக்குக்கு ஜர்னல் விட்டம் 2.45 அங்குலம், 400 கிராங்கின் ஜர்னலோ 2.65 அங்குலம். பிக் எண்ட் ஜர்னல் இரண்டுக்கும் 2.10 அங்குலமாக இருப்பது நல்ல வேளை. இல்லையென்றால் 350-இன் ராடுகளை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆக, ஐந்து மெயின் ஜர்னல்களிலும் விட்டத்தில் 5 மி.மீ.க்கு மேல் கழிக்க வேண்டும். வழக்கமான ரீகிரைண்டிங்கில் கழிவது கால் மி.மீ., அரை மி.மீ. அளவுதான். இங்கே அதைப் போல் பத்து மடங்கு. கிரைண்டிங் செய்தவர் முதலில் லேத்தில் பெரும்பகுதியைக் கடைந்துவிட்டுக் கடைசி அரை மி.மீ.யை மட்டும் கல்லில் எடுத்தார். வந்த கிராங்க் கண்ணாடி போல் இருந்தது. மைக்ரோமீட்டரில் ஐந்து ஜர்னல்களும் 2.4483-க்கும் 2.4487-க்கும் இடையில் நின்றன.

அந்தப் பளபளப்பில் நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கத் தவறினேன். ஒன்று, ஆயில் துளைகளின் வாய். இவ்வளவு உலோகத்தைக் கழித்த பிறகு துளையின் வாயிலிருந்த பழைய சரிவு முழுவதும் போய்விட்டது. விரல் நகத்தை மெல்ல இழுத்தால் நகம் சீவிக்கொண்டு வரும் அளவுக்கு விளிம்பு கூர்மையாக இருந்தது. இதை ஷெல் பேரிங் (ஜர்னலைத் தாங்கும் அரைவட்டத் தகடு) போடுவதற்கு முன்பே, தற்செயலாக விரலில் கீறியதால் கண்டுபிடித்துவிட்டேன். சிறிய உருண்டைக் கல்லை டிரில்லில் மாட்டி ஒவ்வொரு வாயையும் சரித்தேன். பின் நீண்ட பிரஷ்ஷால் துளைகளைக் குடைந்தபோது முதல் மூன்று இழுப்பில் சாம்பல் நிறப் பசை வந்தது. கல்லிலிருந்து உதிர்ந்த தூளும் ஆயிலும் சேர்ந்த பசை அது. அப்படியே போட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே பேரிங்குகளுக்குள் போயிருக்கும். பதினோராவது இழுப்பில்தான் பிரஷ் சுத்தமாக வந்தது.

இரண்டாவது விஷயம் தப்பிவிட்டது. பிளாக்கில் மேல் பாதி ஷெல்களை வைத்து, ஆயில் தடவி, கிராங்கை இறக்கி, மூடிகளை உள் போல்ட்டுகளுக்கு 95 நியூட்டன் மீட்டர் டார்க்கில் முறுக்கினேன். கையால் சுற்றினால் வழுக்கிச் சுற்ற வேண்டிய கிராங்க், நீண்ட கம்பியை முனையில் மாட்டித் தள்ளினால்தான் அசைந்தது. மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்ததில் முதல் மெயினும் நான்காவது மெயினும் பிடிப்பது தெரிந்தது. பிளாக்கின் மெயின் துளைகள் கோணிவிட்டன என்று முடிவு கட்டி, அவற்றை ஒரே நேர்கோட்டில் குடையும் லைன் போரிங்குக்கு விலை விசாரிக்கவும் தயாராகிவிட்டேன். அது பெரிய செலவு. கிளம்புவதற்கு முன் ஷெல்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உராய்வு ஷெல்லின் நடுவில் இல்லை. ஓரத்தில், முழு வளைவிலும், நூல் அகலத்தில் வெள்ளிக்கோடு ஒன்று ஓடியது. ஜர்னலும் எடைக்கட்டையும் சேரும் மூலையில் விடப்பட்ட வளைவு பெரிதாக இருந்து, ஷெல்லின் ஓரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் முறியாமலிருக்க அந்த வளைவு பெரிதாக இருப்பதே நல்லது, அதைக் குறைக்கச் சொல்லக் கூடாது. ஷெல்லைத்தான் மாற்ற வேண்டும். ஓரம் சரித்துச் செதுக்கப்பட்ட, சற்றே குறுகிய பந்தய வகை ஷெல்கள் இதற்கென்றே வருகின்றன. அவற்றைப் போட்டதும் கிராங்க் இரண்டு விரல்களுக்குச் சுற்றியது. போர் கேஜில் அளந்தபோது மெயின் இடைவெளி ஆயிரத்தில் 2.4 முதல் 2.7 அங்குலம் வரை வந்தது. ஐந்தாவது மெயினில் முன்பின் ஆட்டம் ஆயிரத்தில் 5. இது முதல் பிரிப்பு. இதில் வீணானது ஒரு செட் ஷெல்லும் மூன்று வாரமும்.

இதற்குள் பிளாக்கை 4.030 அங்குலத்துக்குப் போரிங் செய்து, ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) இறுக்கத்தைப் போலிக்கும் தடித்த தகட்டைப் பூட்டி ஹோனிங்கும் (சிலிண்டர் சுவரை இறுதியாகத் தேய்ப்பது) முடித்து வாங்கியிருந்தேன். அது அடுத்த தவறு. ஸ்ட்ரோக் நீண்டதால் ராடின் போல்ட்டு முனை ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பூட்டும் விளிம்பையும் சிலிண்டரின் அடிவாயையும் உரசும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு உரசும் என்று முன்கூட்டியே பார்க்கவில்லை. ராடுகளைப் போட்டுப் பார்த்தால் எட்டு இடங்களிலும் தட்டியது. குறி போட்டு, டை கிரைண்டரில் கார்பைடு பர் மாட்டி, ஆழமான இடத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. வரை தேய்த்தேன். அதற்கு மேல் போகக் கை நடுங்கியது, ஏனென்றால் அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் அறை இருக்கிறது. 1.27 மி.மீ. இடைவெளி வந்ததும் நிறுத்திவிட்டேன். வார்ப்பிரும்புத் தூள் புதிதாக ஹோனிங் செய்த சிலிண்டர்களுக்குள்ளும் ஆயில் வழிகளுக்குள்ளும் பறந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் ஒரு முழுப் பகல் கழுவினேன். கழுவிய பின்னும் வெள்ளைத் துணியால் துடைத்தால் கருப்பு வந்துகொண்டே இருந்தது. பிளாக்கைப் போரிங்குக்கு அனுப்பும் முன்பே, பழைய பிஸ்டன் ஒன்றையும் ராடு ஒன்றையும் வைத்து இந்தத் தேய்ப்பை முடித்திருக்கலாம்.

ராடு விஷயத்தில் மூன்று வழிகள் இருந்தன. 400-இன் சொந்த ராடுக்கு நீளம் 5.565 அங்குலம், 350-இன் ராடுக்கு 5.7, கடைகளில் தனியாகக் கிடைப்பதற்கு 6.0. குட்டை ராடைப் போட்டால் இடிக்கும் தொல்லை குறையும், ஆனால் பிஸ்டன் பக்கவாட்டில் சிலிண்டரை அழுத்துவது கூடும். 6.0 ராடுக்கு முற்றிலும் வேறு பிஸ்டன் வேண்டும், செலவும் வேறு. கையிலிருந்த 5.7-ஐயே வைத்துக்கொண்டேன். பிளாக்கின் உயரம், அதாவது கிராங்கின் மையத்திலிருந்து மேல்தளம் வரை, 9.025 அங்குலம். அதில் ஸ்ட்ரோக்கின் பாதி 1.875, ராடு 5.7, இரண்டையும் கழித்தால் 1.45 மிஞ்சும். பிஸ்டனை ராடோடு சேர்க்கும் ஊசியின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 1.425 உள்ள 383-க்கான பிஸ்டனைப் போட்டால், பிஸ்டன் மேல்தளத்துக்கு ஆயிரத்தில் 25 அங்குலம் கீழே நிற்க வேண்டும். சாதாரண 350 பிஸ்டனுக்கு அந்த அளவு 1.56. அதைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டில் மோதும்.

இந்தக் கணக்கு ஏட்டில் உள்ளது. டயல் கேஜை மேல்தளத்தில் வைத்து நான்கு மூலைச் சிலிண்டர்களையும் அளந்தேன். முதல் சிலிண்டரில் ஆயிரத்தில் 22, ஏழாவதில் 30, எதிர்ப்பக்கத்தில் இரண்டாவதில் 25, எட்டாவதில் 27. தொழிற்சாலையிலேயே தளம் சரிந்து செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் செதுக்கி எல்லாவற்றையும் ஆயிரத்தில் 5-க்குக் கொண்டுவந்தேன். அழுங்கிய பின் ஆயிரத்தில் 39 தடிமன் நிற்கும் கேஸ்கெட் போட்டால், பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் இடையே ஆயிரத்தில் 44 வரும். இந்த இடைவெளி பெரிதாக இருந்தால் எரிதல் மந்தமாகி நாக்கிங் (எரிபொருள் ஒழுங்கற்று வெடிப்பது) வர வாய்ப்பு கூடும் என்பதால் இந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை.

அழுத்த விகிதத்தில் என் கணக்கு வழுக்கியது. முன்பு 350 கட்டியபோது வைத்திருந்த 64 கன செ.மீ. எரி அறையுள்ள ஹெட்டையே போட எண்ணியிருந்தேன். தட்டைத் தலைப் பிஸ்டனுடன், வால்வுக்கான குழி 5 கன செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இதே கேஸ்கெட்டில் 350 ஸ்ட்ரோக்குக்கு அது 10.3-க்கு 1 தருகிறது. அதே ஹெட்டும் பிஸ்டன் தலையும் 3.75 ஸ்ட்ரோக்கில் 11-க்கு 1 தருகின்றன. அறை மாறவில்லை, அதற்குள் நெருக்கப்படும் கொள்ளளவுதான் சிலிண்டருக்கு 56 கன செ.மீ.க்கு மேல் கூடிவிட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டுக்கும் சாதாரண பெட்ரோலுக்கும் 11 தாங்காது. 76 கன செ.மீ. அறையுள்ள ஹெட்டுக்கு மாறியதில் 9.7 வந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

இனி வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். இந்த எஞ்சினில் அது கிராங்குக்கு நேர் மேலே ஓடுகிறது. ராடின் போல்ட்டுத் தோள் மேலே ஏறும்போது கேமின் மூக்கருகே, அதாவது அதன் துருத்திய பகுதியருகே, சீவிக்கொண்டு போகும். குறைந்தது ஆயிரத்தில் 60 அங்குலம், அதாவது ஒன்றரை மி.மீ. இருக்க வேண்டும். இதற்கு நான் பயன்படுத்திய கருவி 1.5 மி.மீ. பித்தளைக் கம்பி மட்டுமே. கம்பியின் முனையை வளைத்து இடைவெளியில் வைத்துக்கொண்டு கிராங்கை மெதுவாகச் சுற்ற வேண்டும். கம்பி நெரிபடாமல் வந்தால் போதும். முதல் சிலிண்டரில் நெரிந்தது, இரண்டாவதிலும் நெரிந்தது. போல்ட்டுத் தலையின் கேமை நோக்கிய மூலையைச் சரித்துத் தேய்த்து இரண்டிலும் கம்பி தாராளமாகப் போகும்படி செய்தேன். பிறகு அதே அளவில் மற்ற ஆறு ராடுகளையும் மேசையில் வைத்துக் கண்ணளவாகத் தேய்த்தேன். அவற்றைப் பிளாக்கில் மாட்டிக் கம்பி விட்டுப் பார்க்கவில்லை. அன்று இரவு மணி பதினொன்று ஆகியிருந்தது, முதுகு வலித்தது. வேறு காரணம் சொல்வதற்கில்லை.

பேலன்ஸிங் தனிக் கதை. 1986-க்கு முந்தைய 350-இன் கிராங்குக்கு வேண்டிய எதிரெடை முழுவதும் அதன் உடம்பிலேயே இருக்கிறது. 400-இல் அதன் ஒரு பகுதி வெளியே, முன்னாலுள்ள டேம்பரிலும் (அதிர்வைத் தணிக்கும் வட்டு) பின்னாலுள்ள ஃபிளெக்ஸ் பிளேட்டிலும் (கியர்பாக்ஸ் பக்கம் பூட்டும் தகடு) இருக்கிறது. நான் கிராங்கையும் ராடுகளையும் பிஸ்டன்களையும் மட்டும் அனுப்பினேன். டேம்பரும் பிளேட்டும் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முழு செட்டையும் கொடுத்த பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு பிக் எண்ட் ஜர்னலிலும் மாட்டும் போலி எடைக்கு, இரண்டு ராடுகளின் சுழலும் எடை முழுவதையும், மேலும் கீழும் போகும் எடையில் பாதியையும், ஒட்டியிருக்கும் ஆயிலுக்குச் சில கிராமையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். எடைக்கட்டைகளில் மூன்று துளைகள் போட்டுச் சமன் செய்தார்கள். வெளி எடை இல்லாமல் கிராங்குக்குள்ளேயே சமன் செய்ய வேண்டுமானால் எடைக்கட்டைகளில் டங்ஸ்டன் கட்டிகளைச் செருக வேண்டும். அந்த விலையைக் கேட்டதும் வெளி எடையே போதுமென்று வந்துவிட்டேன்.

கோர்ப்பது இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. ராடு நட்டுகளுக்கு 61 நியூட்டன் மீட்டர், ஹெட் போல்ட்டுகளுக்கு 88, ரிங் இடைவெளி ஆயிரத்தில் 18. சிக்கல் எதுவும் எழவில்லை. இடையில் கோணம் காட்டும் டிகிரி சக்கரம் மாட்டிக் கேமின் நேரத்தைப் பார்த்தபோது, தாழ்ந்த வேகத்தில் இழுவை வேண்டுமென்று அதை 4 பாகை முன்னே நகர்த்தினேன். டிகிரி சக்கரத்துக்கான அடாப்டர் 350-இன் டேம்பரில்தான் பொருந்தியது என்பதால் அந்த வேலைக்காக அதை மாட்டியிருந்தேன். இரண்டு டேம்பர்களும் 8 அங்குல விட்டமுள்ளவை, இரண்டுக்கும் நானே கருப்பு அடித்திருந்தேன். இந்த வாக்கியத்தை எழுதும்போதே முடிவு தெரிகிறது, ஆனால் அன்று தெரியவில்லை.

எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. கேமின் மேல் அமர்ந்து அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் புதிய தட்டை டேப்பெட்டுகளும் கேமும் ஒன்றோடொன்று பழகுவதற்கு, துத்தநாகம் சேர்ந்த ஆயில் ஊற்றி, ஐடிலில் விடாமல் உடனே 2,000-க்கு ஏற்றி இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஓட்டினேன். 1,500-இல் லேசாகத் தெரிந்த நடுக்கம் 2,000-இல் ஸ்டாண்டின் கால்களைத் தரையில் நகர்த்தியது. நிறுத்தினால் கேம் கெடும், ஓட்டினால் மற்றதெல்லாம் கெடும் என்ற நிலையில், பற்களைக் கடித்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் விட்டுவிட்டேன். செய்திருக்கக் கூடாது. நிறுத்திய பின் டார்ச் அடித்துப் பார்த்தால் டேம்பரின் முன்முகம் முழு வட்டமாக இருந்தது. 400-இன் டேம்பரில் ஒரு பக்கம் பிறை போல் வெட்டு இருக்கும். அது அலமாரியில் பழைய துணிக்கடியில் கிடந்தது.

டேம்பரை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டியிருக்கலாம். அந்த நடுக்கத்தில் மெயின் பேரிங்குகள் என்ன ஆயின என்ற கவலையில் சம்ப்பைக் கழற்றினேன். பேரிங்குகள் நன்றாகவே இருந்தன. ஆனால் ஆறாவது ராடின் போல்ட்டுத் தலையில், நான் தேய்த்து விட்ட மூலையில், அரிசிமணி அளவுக்கு ஓரிடம் கண்ணாடி போல் மினுங்கியது. என் கிரைண்டர் விட்ட கோடுகள் அந்த ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தன. கேமைப் பார்த்தேன். ஆறாவது சிலிண்டரின் கேம் மூக்கின் சரிவில், ஓரமாக, அதற்கு இணையான மினுக்கம். ஓடும்போது டேப்பெட் சத்தத்தில் இது கேட்டிருக்காது. கையால் சுற்றியபோதும் தட்டுப்படவில்லை, அவ்வளவு மெல்லிய தொடுதல்.

காரணங்கள் இரண்டு என்று அளந்தபோது தெரிந்தது. ஆறாவது ராடின் மூலையை மற்றவற்றைவிட அரை மி.மீ.க்கு மேல் குறைவாகத் தேய்த்திருக்கிறேன். அது போக, கேமை 4 பாகை முன்னே நகர்த்தியதும் அதன் சரிவு ராடை நோக்கி வந்துவிட்டது. நகர்த்துவதற்கு முன் கம்பி தாராளமாகப் போன இரண்டாவது சிலிண்டரிலும் இப்போது கம்பி நெரிந்தது. அதை அளந்தேன்: 1.6 மி.மீ. இருந்த இடத்தில் 1.1 தான் மிச்சம். முன்பு அளந்தது பொய்யில்லை, ஆனால் அது வேறொரு கேம் நிலைக்கான அளவு.

மினுக்கம் பட்ட கேமில் டேப்பெட்டை ஓட்ட எனக்கு நம்பிக்கையில்லை. அடிவட்டம் (கேமின் மூக்கில்லாத வட்டப் பகுதி) சிறிதாக்கப்பட்ட கேம் ஒன்றும் புது டேப்பெட்டுகளும் வாங்கினேன். அடிவட்டம் சிறிதானால் டேப்பெட் கீழே உட்காரும், எனவே டேப்பெட்டிலிருந்து வால்வை அழுத்தும் ராக்கர் வரை நிற்கும் புஷ் ராடின் நீளமும் மாறும். மேல்தளத்தைச் செதுக்கியது இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். நீளம் கூட்டிக் குறைக்கும் சோதனைப் புஷ் ராடு ஒன்றை வைத்து, வால்வு முனையில் ராக்கர் விட்ட மைக்கோட்டைப் பார்த்துப் பார்த்து, வேண்டிய நீளத்தை முடிவு செய்தேன். ஆறாவது ராடைச் சரியாகத் தேய்த்ததில் கழிந்த எடை ஒரு கிராமுக்கும் குறைவு, அதற்காகப் பேலன்ஸிங்கைத் திரும்பச் செய்யவில்லை. இந்த முறை கேமை அதன் இறுதி நிலையில் பூட்டிவிட்டு, எட்டு ராடுகளிலும், ஒவ்வொன்றின் இரண்டு போல்ட்டுகளிலும், கிராங்கின் இரண்டு முழுச் சுற்றுக்கும் கம்பி விட்டேன். கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒரு முறை சுற்றும். ஒரே சுற்றில் பார்த்தால் பாதியைத்தான் பார்த்ததாகும். மிகக் குறைந்த இடைவெளி நான்காவதில் 1.9 மி.மீ.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கிராங்கை வாங்கிய தொகையை ஒரு பங்கு என்று வைத்தால், மெயின் ஜர்னல்களைக் குறைத்ததற்கு ஒன்றரைப் பங்கு, பேலன்ஸிங்குக்கு இரண்டு பங்கு, சோதனைக்கும் பந்தய ஷெல்களுக்கும் சேர்த்து ஒரு பங்கு. வீணான ஷெல், வீணான கேம், வீணான டேப்பெட், இரண்டாம் முறை கேஸ்கெட் எல்லாம் சேர்ந்து இன்னொரு இரண்டு பங்கு. மலிவாக முடிக்கலாம் என்றுதான் பழைய 400 கிராங்கைத் தேடினேன். 350-இன் மெயின் அளவிலேயே, 3.75 ஸ்ட்ரோக்கில் புதிதாக வார்க்கப்பட்ட கிராங்குகள் இப்போது கிடைக்கின்றன. இரண்டு வகைப் பின்சீலுக்கும் உண்டு, உள்ளேயே சமன் செய்யக்கூடியவையும் உண்டு. அடுத்த முறை அதையே வாங்குவேன். பழைய கிராங்க் கையிலேயே கிடக்கிறது என்பவருக்கு மட்டும் என் வழி பொருந்தும். அவருக்கும் நான் சொல்வது, பிளாக்கைத் தேய்க்கும் வேலையைப் போரிங்குக்கு முன்னால் வையுங்கள், டேம்பர்களுக்கு வேறு வேறு நிறம் அடியுங்கள் என்பதுதான்.

வேகத்தைப் பொறுத்தவரை 5,500 சுற்றுக்கு மேல் இதை ஏற்றப் போவதில்லை. அந்தச் சுற்றில் 350-இன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 16.2 மீட்டர் ஓடும், இதன் பிஸ்டன் 17.5 மீட்டர் ஓடுகிறது. வார்ப்புக் கிராங்குக்கும் பழைய ராடுகளுக்கும் அது போதும்.

ஞாயிறு ஓட்டத்துக்குப் பிறகு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. இக்னிஷன் நேரம் பார்க்கும் விளக்கில், எஞ்சின் நன்றாக ஓடும் நிலையில், டேம்பரின் கோடு ஒரு பொருத்தமில்லாத எண்ணில் நின்றது. பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் கம்பியை மாட்டி, இரண்டு பக்கமும் சுற்றி, நடுவைக் கண்டுபிடித்துப் பார்த்தேன். முன்மூடியோடு வந்த எண் தகடு வேறு காலத்து டேம்பருக்கானது. உண்மையான உச்சநிலைக்கும் தகட்டின் பூஜ்யத்துக்கும் 8 பாகை வித்தியாசம். தகட்டை மாற்றும் வரை, 400-இன் டேம்பரில் மஞ்சள் பெயிண்டால் புதிய கோடு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன்.